ஆலைக் கூலியும் தறிக் கூலியும்

1875ஆம் ஆண்டில் மதுரைக்குப் புகைவண்டி வந்தது. அடுத்த ஆண்டே தொடங்கிய பெரும்பஞ்சம் சுற்றுப்புறச் சிற்றூர்களை வாட்டி வதைத்தது. பெரியாற்று அணை நீர் சமவெளிக்கு வாய்த்ததோ 1895இல்தான். அதற்குச் சற்று முன்னர், 1892இல், ஹார்வி சகோதரர்களின் நூற்பாலை நகரில் இயங்கத் தொடங்கிற்று. வானம் பொய்த்தாலும் கூலி பொய்க்காத வேலையை நாடி, உழவர் வீட்டுப் பிள்ளைகள் ஆலைவாயிலில் வந்து நின்றனர்.

நகரின் பழந்தொழிலான கைத்தறியின் கணக்கு வேறு. மழை பெய்தால் தெருவில் பாவு விரிக்க இயலாது, அன்று வேலையில்லை. நூல் விலை ஏறினால் நெசவாளர் கையில் மிஞ்சுவது குறையும். ஆலையில் ஒருவர் உழைப்புக்கு ஒருவர் கூலி உண்டு. தறி வீட்டிலோ மனைவி நூல் சுற்றுவாள், பிள்ளைகள் துணைநிற்பர், கணவர் நெய்வார். கூலி மட்டும் ஒன்றுதான். சேலைக்கு இவ்வளவு என்று அது அவர் பெயரிலேயே வரும். நாள் முழுதும் உழைத்த அப்பெண்ணுக்குத் தனிக்கூலி இல்லை.

ஆலை வீட்டுக்கும் தறி வீட்டுக்கும் ஒரே தொகை வந்தாலும் இரண்டும் சமமாகா. வறுமையை அளக்கப் புகுவோர், வீட்டுக்கு வரும் பணத்தை எண்ணினால் மட்டும் போதாது. அதனை ஈட்ட எத்தனை கைகள் தேய்ந்தன என்றும் கேட்டல் வேண்டும்.