வழியில் நிற்காத வண்டி

ஒரு மோட்டார் வண்டியை அதன் உரிமையாளர் மாற்றியமைக்க முற்படுவது இரண்டு காரணங்களால். பார்ப்பவர் கண்ணுக்கு அது விசேஷமாகத் தோன்ற வேண்டும் என்ற ஆசை ஒன்று. காலையில் புறப்பட்ட வண்டி மாலையில் பழுதின்றி வீடு திரும்ப வேண்டும் என்ற கவலை மற்றொன்று. முதலாவதற்கு இன்று கடைகளும் கண்காட்சிகளும் அநேகம். இரண்டாவதோ, தமிழ்நாட்டின் லேத் பட்டறைகளிலும் மரத்தடி ஒர்க்‌ஷாப்புகளிலும் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வந்தும், அதைச் செய்தவர்கள் எழுதிவைக்கும் பழக்கம் உடையவர்கள் அல்லர் என்பதால், சரித்திரத்தில் இடம்பெறாமலே போயிற்று. வக்கீலும் டாக்டரும் டாக்ஸிக்காரரும் நாள்தோறும் ஓட்டிய சாதாரணக் கார்களை, நம் வெயிலையும் மழையையும் சாலையையும் தாங்குமாறு திருத்திக்கொண்ட அந்தக் கைத்திறனின் கதையை இங்கே சொல்ல விரும்புகிறேன். நம்பகம் என்பது தொழிற்சாலையில் ஒருமுறை உண்டாக்கி முடித்துவிடும் குணம் அன்று. ஓட்டுகிறவரின் சிரத்தையும், பழுதுபார்ப்பவரின் ஞானமும், அடுத்த ஊரில் கிடைக்கக்கூடிய உதிரிபாகமும் ஒன்றுசேர்ந்து நாளும் உண்டாக்குவது என்பதே அந்தக் கதை நமக்குப் புகட்டும் உண்மை.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்குக் கடுமையான கட்டுப்பாடு வந்த காலத்திலிருந்து இதைத் தொடங்குவது பொருத்தம். சென்னை மாகாணத்துப் பஸ்களின் பின்புறத்தில் அப்போது ஆள் உயர இரும்புக் கலங்கள் ஏறின. அவற்றுள் அடுப்புக்கரியை இட்டு, போதுமான காற்று புகாதபடி கனலவிட்டால், எரியும் இயல்புள்ள கார்பன் மோனாக்ஸைடு வாயு பிறக்கும். அதைக் குளிரவைத்து, தூசியை வடிகட்டி, எஞ்சினுக்குள் செலுத்தி ஓட்டினார்கள். 1911-இல் மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய நிறுவனம் இத்தகைய கரிவாயுக் கலங்களைத் தானே தயாரித்து அளித்தது. புறப்படுவதற்கு நெடுநேரம் முன்பே கரியை மூட்டிக் காற்றுச் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டியிருந்தது. எஞ்சினின் சக்தியும் ஏறத்தாழப் பாதிவரை குறைந்துபோயிற்று. மேட்டில் பிரயாணிகள் இறங்கித் தள்ளியதும் உண்டு. ஆயினும் வண்டிகள் ஓடின. தயாரித்தவன் எண்ணியிராத ஒரு மாறுதலை வண்டியில் செய்து, வேகத்தையும் சுகத்தையும் இழந்தேனும் ஓட்டத்தைக் காப்பாற்றலாம் என்ற பாடத்தை நம் மெக்கானிக்குகள் அந்த நெருக்கடியில்தான் கற்றுக்கொண்டார்கள்.

யுத்தம் முடிந்து சுதந்திரமும் வந்தபின் சென்னையில் கார்களைப் பூட்டும் தொழில் உற்சாகமாக எழுந்தது. ரகுநந்தன் சரண் 1948-இல் நிறுவிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி விற்றது. ஸ்டாண்டர்ட் நிறுவனத்தார் வான்கார்ட் கார்களைக் கொண்டுவந்தார்கள். ஆனால் உள்நாட்டிலேயே பாகங்களை உற்பத்தி செய்யும் திட்டமில்லாத கம்பெனிகள் தொடரலாகாது என்ற கொள்கையை 1953-இல் அரசாங்கம் மேற்கொண்டதும், ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவை விட்டு வெளியேறின. அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்டாகி லாரி, பஸ் தயாரிப்பில் முழு நாட்டமும் கொண்டது. ஏற்கெனவே விற்ற கார்களோ தாய்வீடு இல்லாத பெண்களைப்போல நின்றன. புதிய கார் இறக்குமதியும் இல்லை. உள்நாட்டுக் காருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே கையில் இருக்கும் வண்டியை இருபது ஆண்டுகளேனும் ஓடவைப்பது நடுத்தரக் குடும்பத்துக்கு விருப்பத்தைப் பொறுத்த விஷயமாக இல்லாமல் நிர்ப்பந்தமாயிற்று.

இந்த நிர்ப்பந்தத்துக்குக் கைகொடுத்தது சென்னையைச் சுற்றி எழுந்த உதிரிபாகத் தொழில். எஸ். அனந்தராமகிருஷ்ணன் வளர்த்த அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் இந்தியா பிஸ்டன்ஸ் 1949-இல் செம்பியத்தில் தோன்றிற்று. 1960-ஐ ஒட்டிய சில ஆண்டுகளுக்குள் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ்-டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா ஆகியவை வரிசையாக வந்தன. ரானே குழுமத்தின் வால்வுகளும் ஸ்டியரிங் உறுப்புகளும் கிடைக்கலாயின. பிஸ்டனும் வால்வும் பிரேக்கும் டைனமோவும் கப்பலுக்குக் காத்திராமல் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் கைக்கு எட்டின. புதிதாக வாங்க வசதியற்றவர்கள் புதுப்பேட்டையில், கழித்துக்கட்டிய வண்டிகளிலிருந்து பிரித்தெடுத்த பாகங்களுக்குள் தேடிப் பொறுக்கினார்கள். வெளிநாட்டுக் காரின் தேய்ந்துபோன சிலிண்டரைக் குடைந்து, உள்நாட்டு ஸ்லீவை இறக்கி, சுலபமாகக் கிடைக்கும் பிஸ்டனின் அளவுக்கு அதைக் கொண்டுவருவது லேத் பட்டறையின் அன்றாட வேலையாயிற்று. அவ்விதம் திருத்தப்பட்ட எஞ்சின் மூலத்தைக்காட்டிலும் உயர்ந்தது என்று சொல்ல முடியாது; ஆனால் மறுமுறை பழுதானால் மறுநாளே சீர்படக்கூடியது. தினமும் ஓடவேண்டிய வண்டிக்கு இந்தக் குணம் மற்றெல்லாக் குணங்களுக்கும் மேலானது.

சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இதற்கு நல்ல உதாரணம். இத்தாலிய வடிவமைப்பாளரான மிச்செலாட்டி உருவம் வகுத்த அழகிய கார் அது, 948 சி.சி. எஞ்சினும் எளிமையானது. அதன் பின்சக்கரங்கள் மட்டும், நடுவில் சட்டத்தோடு பிணைத்த டிஃபரன்ஷியலிலிருந்து இரு சிறகுகளைப் போலத் தனித்தனியே அசையும் அச்சுகளில் பூட்டப்பட்டிருந்தன. குறுக்கே கிடந்த ஒற்றைப் பட்டை ஸ்பிரிங் நாளடைவில் தளர்ந்து, குடும்பத்தோடு சாமான்களும் ஏறிய சுமையில் சக்கரங்கள் மேற்புறம் உள்நோக்கிச் சாயும். டயரின் உள்விளிம்பு விரைவில் தேயும். வளைவில் வேகமாகத் திரும்பினால் பின்பகுதி தடுமாறும். பட்டறைக்காரர்கள் ஸ்பிரிங்கைக் கழற்றி வளைவேற்றியும், பட்டை சேர்த்தும் சமாளித்தார்கள். முன்சக்கரங்களைத் தாங்கும் பித்தளை முட்டுகளுக்குக் கெட்டியான கிரீஸைவிடக் கியர் எண்ணெயே உகந்தது என்ற நுட்பத்தை அறிந்தவர்கள் அந்த முட்டுகள் முறிந்துபோகாமல் காத்தார்கள். அறியாதவர்களின் வண்டி நடுரோட்டில் சக்கரம் மடிந்து விழுந்தது. கடைசியில் கம்பெனியே 1972-இல் கஸல் என்ற புதிய வடிவத்தைக் கொண்டுவந்தபோது, அசையும் அச்சைக் கைவிட்டு, ஒரே உறைக்குள் அடங்கிய உறுதியான பின்னச்சைப் பொருத்திற்று. நவீனத்திலிருந்து பழமைக்குத் திரும்பிய மாறுதல் என்று அதைக் குறைகூறுவது எளிது. நம் சாலையையும் நம் பட்டறையையும் உத்தேசித்தால் அது விவேகமான மாறுதல் என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் இந்தக் கைத்திறன் முழுமையாக மலர்ந்தது அம்பாசடரில்தான். இங்கிலாந்தின் மூன்றாம் வரிசை மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை மூலமாகக் கொண்டு, வங்காளத்தின் உத்தரபாராவில் 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரை தயாரான இந்தக் காரின் உடல், தாராளமான தகட்டினாலும் விசாலமான உள்ளிடத்தினாலும் ஆயுள் மிக்கது. அதைச் சூழ்ந்த துணையுறுப்புகளோ பலவீனமானவை. ஆகையால் உடலை வைத்துக்கொண்டு உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றுவது என்ற முறை இயல்பாக உருவாயிற்று.

முதலில் மாறியது டைனமோ. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது டைனமோ ஏறக்குறைய மின்சாரமே தராது; ஐப்பசி மாதத்து மாலையில், மழைக்கிடையே விளக்கும் வைப்பரும் இயங்க, நகரத்து நெரிசலில் நின்று நின்று செல்லும் காரின் பாட்டரி சிறிது சிறிதாக வற்றி, மறுநாள் காலையில் ஹாண்டில் போட்டுச் சுழற்றவேண்டிய நிலைக்கு வந்துவிடும். ஆல்டர்னேட்டரில் பெருமின்சாரம் பிறக்கும் சுருள் அசையாமல் நிற்க, காந்தம் மட்டுமே சுழல்வதால் அதை அதிக வேகத்தில் சுழற்றலாம். எஞ்சின் நிதானமாக இயங்கும்போதே அது பாட்டரியை நிரப்பும். மாற்றுகிற எலெக்ட்ரீஷியனுக்கு ஒரு ஜாக்கிரதை தேவைப்பட்டது: பழைய பிரிட்டிஷ் வழக்கப்படி பாட்டரியின் நேர்முனையைச் சட்டத்தோடு இணைத்த வண்டியானால், முதலில் முனைகளை மாற்றியமைக்க வேண்டும், மறந்தால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் கணத்தில் கருகிவிடும். விளக்குச் சுவிட்சு வழியே பாய்ந்த மின்சாரத்தை ரிலே வழியே திருப்பியதும் இதன் தொடர்ச்சியே; சுவிட்சு வேகாமல் காக்கப்பட்டது, விளக்கும் பிரகாசமடைந்தது. பிற்காலத்தில், டெல்கோ என்று நம் மெக்கானிக்குகள் அழைக்கும் டிஸ்ட்ரிப்யூட்டருக்குள், தேய்ந்து கருகும் பாயிண்டை நீக்கி மின்னணுச் சாதனத்தைப் பொருத்தியவர்கள், உப்புத்தாள் கொண்டு பாயிண்டைத் தேய்க்கும் காலைக்கடமையிலிருந்து விடுபட்டார்கள்.

வெப்பத்தைக் குறித்த மாறுதல்களில் நன்மையும் தீமையும் கலந்திருந்தன. ரேடியேட்டரின் உள்ளடுக்கில் கூடுதல் வரிசைக் குழாய்களைச் சேர்த்ததும், இறக்கை மிகுந்த ஃபேனை மாட்டியதும் சித்திரை வெயிலுக்கு ஏற்ற உபாயங்கள். தெர்மோஸ்டாட்டை, சூடான நாட்டுக்கு வேண்டாத பொருள் என்று எண்ணிக் கழற்றி எறிந்த வழக்கமோ தவறானது. அது இல்லாத எஞ்சின் உரிய சூட்டை அடையத் தாமதிக்கும். குளிர்ந்த சிலிண்டரில் முழுதும் ஆவியாகாத பெட்ரோல் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிட, பிஸ்டன் வளையங்கள் சீக்கிரம் தேயும். எஞ்சின் கொதிப்பதற்கு உண்மையான காரணம் அடைபட்ட ரேடியேட்டராகவோ தளர்ந்த பெல்ட்டாகவோ இருக்க, குற்றமற்ற உறுப்பு தண்டிக்கப்பட்டது. நோயின் மூலத்தை அறியாமல் செய்யும் மாறுதல் நம்பகத்தை வளர்க்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய மாறுதல் டீசல். 1973-இல் உலகெங்கும் எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டுப் பெட்ரோல் விலை உயர்ந்தபின், டீசல் மலிவாகவே இருந்ததால், டாக்ஸிக்காரர்கள் அம்பாசடரின் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றத் தொடங்கினார்கள். மெட்டடார் வேனின் எஞ்சினை ஏற்றிய அம்பாசடர்கள் பல ஊர்களில் ஓடின. செலவுக் குறைப்பு முதற்காரணமாயினும், இன்னொரு லாபம் அதனோடு வந்தது. டீசல் எஞ்சினில் காற்றை அமுக்கிச் சூடேற்றுவதாலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. ஆகவே பிளக், பாயிண்ட், கண்டென்சர், காயில், கார்புரேட்டர் என்று பெட்ரோல் காரை வழியில் நிறுத்தும் உறுப்புகளின் குலமே இல்லாமற்போகிறது. மழைநீர் தேங்கிய சாலையில் பெட்ரோல் வண்டிகள் நனைந்து நிற்க, டீசல் வண்டி நீரைக் கிழித்துக்கொண்டு செல்வதைக் கண்டவர்களுக்கு வேறு விளம்பரம் தேவைப்படவில்லை.

ஆயினும் அந்த மாற்றம் எளிய காரியமன்று. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றோடொன்று பொருந்தும்படி நடுத்தகட்டை லேத்தில் கடைந்தெடுக்க வேண்டும். அதன் மையம் மயிரிழை விலகினாலும் கிளட்சும் பேரிங்கும் அடிக்கடி கெடும். எஞ்சினின் பாரத்தால் முன்பகுதி தாழுமாதலால், முறுக்குக் கம்பியாக அமைந்த முன் ஸ்பிரிங்கைத் திருகி உயர்த்த வேண்டும். டீசல் எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே தன் எல்லையை அடைவதால், பெட்ரோலுக்கென வகுத்த பின்னச்சுப் பல்விகிதத்தோடு வண்டி வேகமெடுக்காது. விவரமறிந்தவர்கள் அதையும் மாற்றினார்கள். பிரேக்குக்குத் துணைசெய்யும் பூஸ்டர் இருந்தால், பெட்ரோல் எஞ்சின் இயல்பாகத் தரும் உறிஞ்சு விசை டீசலில் கிட்டாது என்பதால், அதற்கெனத் தனி வாக்குவம் பம்ப் அவசியம். பதிவு அதிகாரிக்கு அறிவித்து ஆர்.சி. புத்தகத்தில் புதிய எஞ்சின் எண்ணைப் பதிந்துகொள்வதும் சட்டத்தின் கட்டளை. இவற்றையெல்லாம் முறையாகச் செய்த பட்டறையின் கார் பல ஆண்டுகள் உழைத்தது. எஞ்சினை மட்டும் ஏற்றி அனுப்பிய பட்டறையின் கார் அடுத்த பருவத்துக்குள் திரும்பி வந்தது. அதிர்வும் புகையும் இரைச்சலும் இருசாராருக்கும் பொதுவாக நேர்ந்த நஷ்டங்கள்.

தயாரிப்பாளரும் பட்டறைகள் போன வழியிலேயே வந்தார்கள் எனலாம். 1980-ஐ ஒட்டி 1489 சி.சி. டீசல் எஞ்சினுடன் அம்பாசடர் வெளிவந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானிய இசுஸுவின் 1817 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியர்களும் அதில் ஏறின. இதற்கிடையில், 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. பூட்டிய பானெட்டைத் திறக்காமலே மாதக்கணக்கில் ஓடும் காரை மக்கள் கண்டார்கள். பழுது குறையக் குறைய, பழுதுக்கு எதிராகச் செய்த மாறுதல்களும் அருகின. அந்த ஆர்வம் அகன்ற சக்கரத்துக்கும் தாழ்த்திய ஸ்பிரிங்குக்கும் உரத்த புகைக்குழாய்க்கும் திரும்பிற்று. தாழ்த்திய கார் வேகத்தடையில் அடிவயிறு தட்டுவதும், அளவுக்கு மீறிய சக்கரம் பேரிங்கைத் தின்பதும், மலிவான விளக்குகள் வயரிங்கை வேகவைப்பதும் இன்று எந்த ஒர்க்‌ஷாப்பிலும் காணும் காட்சிகள். தினசரிப் பிரயாணத்துக்கு ஒரே காரை நம்பியிருப்பவர் இந்த வழியில் பணத்தைச் செலவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது.

பழைய பட்டறைகள் அனுசரித்த வரிசை இன்றைக்கும் பொருந்தும். முதலில் வண்டியைத் தயாரித்தவர் வகுத்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பழைய ஹோஸும் தளர்ந்த எர்த் வயரும் அழுக்கேறிய ரேடியேட்டரும் சீரானபின் எஞ்சி நிற்கும் குறையே வண்டியின் உண்மையான பலவீனம். அதற்கு மட்டும் பரிகாரம் தேட வேண்டும். பரிகாரமாக வரும் பாகம் சிறிய ஊரிலும் கிடைப்பதாக இருக்க வேண்டும். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்த மாறுதலைப் பற்றி யோசிக்க வேண்டும். எழுத்தறிவு குறைந்த மேஸ்திரிகள் அனுபவத்தால் கண்டடைந்த இந்த ஒழுங்கு, எஞ்சினீயரிங் கல்லூரிகள் போதிக்கும் எந்தச் சாஸ்திர முறைக்கும் குறைந்ததன்று. அவர்களில் பலர் முதுமையடைந்துவிட்டார்கள். பழைய கார்களை மெருகேற்றி அணிவகுப்பில் ஓட்டுகிற சங்கங்களும், நம் பாலிடெக்னிக்குகளும், அந்தக் கார்களை ஓடவைத்தவர்களிடம் சென்று, எந்தக் குறைக்கு எந்த மாறுதலைச் செய்தார்கள், எது நிலைத்தது, எது தோற்றது என்பதைக் கேட்டு, படத்தோடும் அளவோடும் எழுதிவைப்பார்களானால், மின்சாரக் கார்களைப் பழுதுபார்க்கப் போகும் தலைமுறைக்கும் அது கைமுதலாகும்.