பூஷேயின் குடுவைகள்

அழுகிய இறைச்சியில் புழு தானாகப் பிறப்பதில்லை, ஈ இட்ட முட்டையிலிருந்தே வருகிறது என்று 1668-இல் பிரான்செஸ்கோ ரெடி காட்டியதைச் சென்ற வாரம் பார்த்தோம். வழக்கு அதோடு ஓயவில்லை. புழு போகட்டும், கண்ணுக்கே தெரியாத நுண்ணுயிர்கள் தாமாகத் தோன்றலாமே என்ற கேள்வி இருநூறு ஆண்டுகள் உயிரோடு இருந்தது.

தோன்றும் என்று அடித்துச் சொன்னவர் ஃபெலிக்ஸ் பூஷே. ரூவான் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இயக்குநர். 1859-இல் இதற்கென்றே ஒரு பெரிய நூல் எழுதினார். அதே ஆண்டு நவம்பரில் லண்டனில் டார்வினின் நூலும் வெளிவந்தது. டார்வின் சொன்ன பரிணாமத்தில் ஒவ்வோர் உயிருக்கும் ஒரு முன்னோர் உண்டு. மாறுதல்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்து சேர்கின்றன. கொதித்த நீரில் நினைத்தபோதெல்லாம் புது உயிர் முளைக்குமானால் அந்த வம்சாவளிக் கணக்கு அடிமட்டத்திலேயே குழம்பிவிடும். சண்டை அவ்வளவு ஆழமானது.

இதைத் தெளிவுபடுத்துபவருக்குப் பிரெஞ்சு அறிவியல் கழகம் 2,500 பிராங்க் பரிசு அறிவித்தது. லூயி பாஸ்டர் களமிறங்கினார். சர்க்கரை கலந்த ஈஸ்ட் நீரைக் குடுவைகளில் கொதிக்கவைத்து, கொதிக்கும்போதே கழுத்தை உருக்கி மூடினார். பிறகு வெவ்வேறு இடங்களில் அவற்றைத் திறந்து, அந்த இடத்துக் காற்றை உள்ளே விட்டு, மறுபடி மூடினார். 1860 செப்டம்பரில் ஆல்ப்ஸ் மலையின் மேர் த கிளாஸ் பனியாற்றுக்கு அவற்றைக் கொண்டுபோனபோது, பனியில் பட்டுத் தெறித்த வெயிலில் ஸ்பிரிட் விளக்கின் சுடரே கண்ணுக்குத் தெரியவில்லை. விளக்கைச் சரிசெய்து மறுபடி ஏறினார். குடுவையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, சூடாக்கிய இடுக்கியால் நுனியை ஒடித்தார். தன் சட்டைத் தூசுகூட உள்ளே போய்விடக் கூடாதே என்ற கவனம். சமவெளியில் திறந்த 20 குடுவைகளில் 8 கெட்டன. பனியாற்றில் திறந்த 20-இல் ஒன்றே ஒன்று. உயிர் வந்தது காற்றிலிருக்கும் தூசோடுதான். 1862-இல் பரிசு அவருக்கே கிடைத்தது.

பூஷே விடவில்லை. 1863-இல் இரண்டு நண்பர்களோடு பிரனீஸ் மலையில் இன்னும் உயரமான பனியாற்றுக்கு ஏறினார். அவர் குடுவைகளில் இருந்தது காய்ந்த புல்லை வேகவைத்து வடித்த நீர். திறந்த அத்தனையிலும் உயிர் கண்டது! இடுக்கிக்குப் பதில் அரத்தால் கழுத்தை அறுத்தீர்கள், அதில் தூசு புகுந்துவிட்டது என்றார் பாஸ்டர். 1864-இல் கழகம் விசாரணைக் குழு அமைத்தது. சோதனை நடத்தும் முறையில் தகராறு முற்றி, பூஷே தரப்பு விலகிக்கொண்டது. வெற்றி பாஸ்டருக்கு என்று எழுதி முடித்தார்கள்.

எனக்கு இந்த இடத்தில் மனம் ஆறுவதில்லை. பாஸ்டரின் முடிவு சரி. ஆனால் பூஷேயின் குடுவைகள் பொய் சொல்லவில்லை. அந்தக் குழு புல்நீரை ஒருமுறை தானே காய்ச்சிப் பார்த்திருக்க வேண்டும்.

விடை 1876-இல் ஜெர்மனியின் ஃபெர்டினாண்ட் கோனிடமிருந்து வந்தது. காய்ந்த புல்லில் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா, காலம் கெட்டால் தடித்த உறைக்குள் ஸ்போராக ஒடுங்கிக்கொள்கிறது. உண்பதில்லை, வளர்வதில்லை, பெருகுவதில்லை. உயிரின் இலக்கணம் என்று பள்ளியில் நாம் மனப்பாடம் செய்யும் எதுவும் அதில் தென்படாது. கொதிநீரிலும் சாகாது. ஈரமும் உணவும் காற்றும் கிடைத்ததும் விழித்துக்கொள்ளும். பாஸ்டரின் ஈஸ்ட் நீரில் இத்தகைய ஸ்போர் இல்லாததால் கொதியே போதுமானதாக இருந்தது.

லண்டனில் ஜான் டிண்டாலும் இதே புல்லிடம் திண்டாடினார். ஆய்வகத்துக்குள் ஒரு கட்டுப் புல் வந்த பிறகு, முன்பு கெடாதிருந்த சாறுகளும் கெடத் தொடங்கின. கியூ தோட்டத்துக்கே இடம் மாறிப் பார்த்தார். கடைசியில் 1877-இல் வழி பிடிபட்டது: ஒருமுறை காய்ச்சி, ஆறவிட்டு, ஸ்போர் முளைத்து உறையை விட்டு வெளியே வரும்வரை பொறுத்து மறுபடி காய்ச்சுவது. முளைத்த பாக்டீரியாவுக்குக் கொதியைத் தாங்கும் வலு கிடையாது. இப்படிச் சில முறை செய்ததும் புல்நீர் தெளிந்தே நின்றது.

(தொடரும்)