சமாதானக் கூட்டம் (தமிழ்நாடு)

கோயில், பாதை, சுடுகாடு, திருவிழா இவற்றால் பகை மூண்ட ஊர்களில், ஊர்த் தரப்பையும் காலனித் தரப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசி முடிக்கும் நடைமுறை. அரசு ஆவணங்களில் இது ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ எனப்படும். பெரும்பாலும் தாசில்தாரோ கோட்டாட்சியரோ தலைமை ஏற்பார், காவல்துறை அதிகாரிகள் உடனிருப்பர். ஒப்புக்கொண்டதை எழுதி இரு தரப்பாரும் கையெழுத்திடுவர்.

இக்கூட்டத்துக்கெனச் சட்டத்தில் தனிப் பிரிவு இல்லை. ஆனால் பேச்சு முறிந்தால், தலைமை வகித்த அதே அதிகாரி நிர்வாக நடுவராக மாறி அமைதிப் பிணை எழுதி வாங்கலாம், தடையுத்தரவும் போடலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, 144ஆம் பிரிவுகளாக இருந்த இந்த அதிகாரங்கள், 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 126, 163 ஆகியுள்ளன. பேச வருவோர் இதைத் தெரிந்துகொண்டே வருகிறார்கள்.

நன்கறியப்பட்ட பழைய கூட்டம் துயரத்தில் முடிந்தது. முதுகுளத்தூர் இடைத்தேர்தலுக்குப் பின் சாதி மோதல்கள் பரவியபோது, இராமநாதபுரம் ஆட்சியர் பணிக்கர் 1957 செப்டம்பர் 10 அன்று தலைவர்களை அழைத்துப் பேசினார். முத்துராமலிங்கத் தேவரும் இமானுவேல் சேகரனும் அதில் கலந்துகொண்டனர். மறுநாள் பரமக்குடியில் இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். அதன் பின் மூண்ட கலவரத்தில் பலர் இறந்தனர். தலைவர்களை மட்டும் கூட்டிப் பேசினால் ஊர் அடங்கிவிடும் என்ற நம்பிக்கை அப்போதே பொய்த்தது.

வேறொரு வழி மதுரை மாவட்டத்தில் உருவானது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் அங்கே தேர்தல் ஒழுங்காக நடக்கவில்லை. வேட்புமனு போட ஆள் வரமாட்டார், வந்து வென்றவர் உடனே பதவி விலகுவார். 2006இல் ஆட்சியர் உதயசந்திரன் ஊர் ஊராகச் சென்று மக்களிடம் பேசினார். அந்த ஆண்டு அக்டோபரில் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியேற்றனர்.

அதே மாவட்டத்திலுள்ள உத்தப்புரத்தின் கதை நீளமானது. 1989 மோதலுக்குப் பின் பிள்ளைமார் எழுப்பிய சுவர் காலனியை ஊரிலிருந்து பிரித்தது. தீண்டாமை ஒழிப்பு முன்னணி இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த பிறகு, 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் சுவரின் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்தது. எதிர்த்தவர்கள் குடும்பத்தோடு மலையடிவாரத்துக்குப் போய்த் தங்கினர். அதே ஆண்டில் மோதல், துப்பாக்கிச் சூடு, ஓர் உயிரிழப்பு எனப் பகை முற்றியது. 2011இல் காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கர்க் முயற்சியில் பேச்சு மீண்டும் தொடங்கியது. முன்னணியினரும் உடனிருந்தனர். ஆண்டுக்கணக்காக இரு தரப்பிலும் குவிந்த வழக்குகள், பேருந்து நிழற்குடை, கோயில் வழிபாடு என ஒவ்வொன்றாகப் பேசி அக்டோபரில் ஒப்பந்தம் கண்டனர். நவம்பர் 10 அன்று தலித்துகள் முத்தாலம்மன் கோயிலுக்குள் நுழைந்தனர். வழக்குகளைக் கைவிடும் விருப்பம் இரு தரப்புக்கும் இருந்தது இங்கே பெரிதும் உதவியது. வழக்குக்கு அலைந்து களைத்தவர்கள் சமாதானத்துக்குச் சீக்கிரம் இறங்கி வருவார்கள். ஆயினும் சில ஆண்டுகளில் மறுபடி தகராறு எழுந்து கோயில் பூட்டப்பட்டது.

திருவண்ணாமலை மாவட்டமும் இவ்வரலாற்றில் இடம்பெறுகிறது. தண்டராம்பட்டு அருகே தென்முடியனூரில், பேச்சுவார்த்தைக்குப் பின், 2023 ஜனவரி 30 அன்று தலித் மக்கள் பெருந்திரளான போலீஸ் பந்தோபஸ்துடன் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் சென்று பொங்கல் வைத்தனர். ஊரார் பலர் எதிர்த்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் செல்லங்குப்பம் மாரியம்மன் கோயிலிலும் நுழைவு நடந்தது.

போலீஸ் பாதுகாப்போடு நிகழும் நுழைவைச் சட்டத்தின் வெற்றி எனலாம். பாதுகாப்பு விலகிய பின் வரும் திருவிழாவும் அமைதியாக நடந்தால்தான் சமாதானம் வந்ததாகக் கொள்ள முடியும். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் பலசுற்றுப் பேச்சு தோற்றதால் திரௌபதி அம்மன் கோயிலுக்கு 2023 ஜூன் 7 அன்று சீல் வைக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2025 ஏப்ரலில்தான் தலித்துகள் அங்கே உள்ளே சென்று வழிபட்டனர்.