நட்பிலே தழைத்த அறம்
அமெரிக்க உயர்நிலைப்பள்ளி மாணவியர் சங்கங்களின் வரலாறு

திருவள்ளுவர் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்கள் வகுத்தார். அவற்றைப் பொருட்பாலில் அமைத்தார். ஒப்புரவறிதலையும் ஈகையையும் அறத்துப்பாலில் அடுத்தடுத்து வைத்தார். நட்பு என்பது ஒத்த உள்ளங்கள் தமக்குள் கூடி மகிழ்வது. அறம் என்பது தம்மைக் கடந்து பிறர்பால் செல்வது. இவ்விரண்டும் ஒரே கொடியில் பூக்கக்கூடுமா? பூக்கக்கூடும் என்று காட்ட முயன்றவர்கள், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழ்ந்த உயர்நிலைப்பள்ளி மாணவியர். அவர்கள் அமைத்த சங்கங்களின் வரலாறு ஆசிரியப் பெருமக்கள் அறிந்திருக்கத்தக்கது. அது வெற்றியின் வரலாறு மட்டுமன்று. நட்பு என்னும் சொல் எத்துணைக் கடுமையான சோதனைக்கு உள்ளாகக்கூடும் என்பதையும் அது காட்டுகின்றது.

பள்ளி என்னும் புதிய உலகம்

1910ஆம் ஆண்டளவில் அமெரிக்கப் பொது உயர்நிலைப்பள்ளிகளில் பயின்றோர் ஏறத்தாழ 9 இலட்சம் பேர். 1920இல் இத்தொகை 22 இலட்சமாயிற்று. 1930இல் 44 இலட்சமாயிற்று. அவர்களுள் பாதிக்குச் சற்று அதிகமானவர்கள் பெண்கள். முந்திய தலைமுறையில் பதினான்கு வயதில் ஆலைக்கோ அடுப்படிக்கோ சென்றிருக்க வேண்டிய பெண்கள், இப்பொழுது பதினெட்டு வயதுவரை ஒத்த வயதினரோடு ஒரே கூரையின்கீழ் இருந்தனர். குழந்தைப் பருவமும் இல்லாத, குடும்பப் பொறுப்பும் வராத ஓர் இடைப்பருவம் இவ்வாறு உருவாயிற்று. அப்பருவத்தினர் கூட்டம் சேர்வது இயல்பே.

ஆனால் எப்படிப்பட்ட கூட்டம்? முதலில் தோன்றியவை பெரும்பாலும் மறைவுச் சங்கங்களே. கல்லூரி மாணவர்களைப் பார்த்துப் பள்ளி மாணவர்களும் கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூட்டிக்கொண்டு தனிக்குழுக்களை அமைத்தனர். உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தால்தான் புதியவர் சேரலாம். நல்ல உடையும் நல்ல வீடும் உள்ள பெண்ணுக்கு அழைப்பு வரும், ஏனையோருக்கு வராது. வகுப்பில் பக்கத்தில் அமர்ந்திருப்பவள் அழைக்கப்பெற்றுத் தான் அழைக்கப்பெறாத நிலை, அவ்வயதில் எத்தகைய வேதனை என்பதை ஆசிரியர்கள் அறிவர். இத்தகைய குழுக்கள் குடியரசு நாட்டின் பொதுப் பள்ளிக்குப் பொருந்தா என்று கல்வியாளர் பலர் கண்டித்தனர். கலிபோர்னியா மாநிலம் 1909ஆம் ஆண்டிலேயே பொதுப் பள்ளிகளில் மறைவுச் சங்கங்களைச் சட்டத்தால் தடுத்தது. தீய கூட்டத்தைத் தடுத்துவிட்டால் போதாது. நல்ல கூட்டம் ஒன்றையும் தர வேண்டும் அல்லவா? அத்தேவையை நிறைவேற்ற முன்வந்த அமைப்புகளுள் ஒன்று இளம் பெண்கள் கிறிஸ்துவ சங்கம்.

நீல முக்கோணம்

இளம் பெண்கள் கிறிஸ்துவ சங்கம் 1855ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கருக்கொண்டது. அமெரிக்காவில் அப்பெயரை முதன்முதலில் தாங்கிய சங்கம் 1866இல் பாஸ்டன் நகரில் தோன்றியது. தொழில் தேடி நகருக்கு வந்த இளம்பெண்களுக்கு உறைவிடமும் துணையும் தருவதே தொடக்கத்தில் அதன் நோக்கம். 1881இல் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் சிறுமியருக்கென்று ஒரு குழு அமைந்தது. 1917ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கிய பின்னர், இளம்பெண்களின் ஆர்வத்தை நல்வழிப்படுத்தும் பணி பெருகியது. அதன் விளைவாக 1918இல் ‘கேர்ள் ரிசர்வ்ஸ்’ என்னும் மாணவியர் இயக்கம் வடிவம் பெற்றது. ‘ரிசர்வ்’ என்பது சேமப்படையைக் குறிக்கும் சொல். நாட்டுக்கு வேண்டும்போது உதவ அணியமாக நிற்கும் ஆற்றல் என்ற பொருளில் போர்க்காலம் அளித்த பெயர் அது.

பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுவரை உள்ள பெண்கள் இதில் சேர்ந்தனர். வெள்ளைச் சட்டையும் அதில் நீல முக்கோணச் சின்னமும் அவர்களுக்கு அடையாளம். முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் உடல், அறிவு, ஆன்மா என்னும் மூன்றையும் குறித்தன. இயக்கத்தின் பெயரிலுள்ள ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நற்பண்பு என்ற முறையில் ஓர் ஒழுக்க நெறியும் வகுக்கப்பட்டிருந்தது. தோழியரிடத்துப் பற்றுறுதியும் பிறர்க்குத் தொண்டு செய்ய முந்துதலும் அந்நெறியில் அடங்கும். நட்பும் தொண்டும் ஒரே உறுதிமொழியில் இணைந்து நின்றமை கருதத்தக்கது.

சங்கத்தை நடத்தியவர்கள் மாணவியரே. தலைவி, செயலாளர், பொருளாளர் ஆகியோரை அவர்களே தேர்ந்தெடுத்தனர். நிகழ்ச்சிக்கு ஒரு குழு, தொண்டுக்கு ஒரு குழு, விருந்துக்கு ஒரு குழு என வேலையைப் பகிர்ந்துகொண்டனர். ஆசிரியை ஒருவரோ ஊர்ப் பெண்மணி ஒருவரோ ஆலோசகராக உடனிருந்தார். அவர் ஆணையிடுபவர் அல்லர், கேட்டபோது வழிகாட்டுபவர். கூட்டத்தை நடத்துவது, கணக்கெழுதுவது, மாற்றுக் கருத்தைப் பொறுமையோடு கேட்பது ஆகிய பழக்கங்களைப் பெண்கள் இங்கே கற்றனர். அமெரிக்கப் பெண்கள் நாடு முழுவதிலும் வாக்குரிமை பெற்றது 1920ஆம் ஆண்டில்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இப்பயிற்சியின் அருமை விளங்கும்.

கூடையும் பொம்மையும்

இம்மாணவியர் செய்த தொண்டு எத்தகையது? நன்றியறிதல் நாளிலும் கிறிஸ்துமஸ் காலத்திலும் உணவுப் பொருள்களைக் கூடைகளில் நிரப்பி ஏழைக் குடும்பங்களுக்கு அனுப்பினர். பழைய பொம்மைகளைச் செப்பனிட்டுப் புத்தாடை தைத்து உடுத்தி, அநாதை இல்லக் குழந்தைகளுக்குக் கொடுத்தனர். படங்களை வெட்டியொட்டித் தொகுப்பேடுகள் செய்து மருத்துவமனைச் சிறுவர்களுக்கு வழங்கினர். முதியோர் இல்லங்களில் பாடினர். பலகாரம் விற்றும் நாடகம் நடத்தியும் காசு சேர்த்து, அயல்நாட்டுப் பெண்களின் முன்னேற்றத்துக்கான நிதிக்கு அனுப்பினர். 1929இல் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சியின் போது கொடுப்போர் வீட்டிலும் வறுமை நுழைந்தது. கூடை நிரப்பிய பெண்ணின் தந்தையே வேலையிழந்து நின்ற காலம் அது. அப்பொழுதும் சங்கங்கள் கலையவில்லை.

இவையெல்லாம் சிறிய செயல்களே. ஆயினும் இவற்றால் இரண்டு பயன்கள் விளைந்தன. ஒன்று, பெற்றவருக்குக் கிடைத்த உதவி. மற்றொன்று, கொடுத்தவர் உள்ளத்தில் எழுந்த வினா. ஆண்டுதோறும் அதே தெருவுக்குக் கூடை கொண்டுபோகும் பெண், “இத்தெரு ஏன் எப்பொழுதும் ஏழைத் தெருவாகவே இருக்கிறது?” என்று என்றேனும் ஒருநாள் கேட்காமலிருப்பாளா? ஈகை அவளை அத்தெருவின் வாயில்வரை கொண்டுபோய் நிறுத்துகிறது. அதற்குமேல் செல்லுதல் அவள் துணிவைப் பொறுத்தது.

திறக்காத கதவு

நட்பைக் கொடியில் பொறித்த இந்த இயக்கத்துக்குள்ளேயே ஒரு கதவு மூடிக்கிடந்தது. அது நிறவேற்றுமை என்னும் கதவு. கறுப்பினப் பெண்களுக்கான முதற்கிளை 1889ஆம் ஆண்டில் ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் தோன்றியது. அதன்பின் பல நகரங்களில் கறுப்பினப் பெண்களுக்கெனத் தனிக்கிளைகள் அமைந்தன. ஒரே சங்கம், ஒரே சின்னம், ஒரே உறுதிமொழி. ஆனால் கட்டடம் வேறு, முகாம் வேறு, விருந்து வேறு. மறைவுச் சங்கங்கள் செய்த தீங்கை மாற்ற வந்த இயக்கமே, நிறத்தைப் பொறுத்தமட்டில் அதே தீங்கைத் தானும் செய்துகொண்டிருந்தது.

இதனைத் தன் வாழ்வில் உணர்ந்தவர்களுள் ஒருவர் டாரதி ஹைட் அம்மையார். இவர் 1912ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் வெர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டில் பிறந்தார். பென்சில்வேனியாவில் பிட்ஸ்பர்க் நகரை அடுத்த ராங்கின் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். அவ்வூர் மாணவியர் சங்கத்தில் ஆர்வத்தோடு சேர்ந்து அதன் தலைவியும் ஆனார். ஆனால் பிட்ஸ்பர்க் நகரத்துத் தலைமைக் கட்டடத்தில் இருந்த நீச்சல் குளத்தில் இறங்கக் கறுப்பினச் சிறுமியருக்கு உரிமையில்லை என்று அறிந்தபோது திகைத்துப்போனார். சங்கத்தின் தலைவியாக இருக்கலாம். சங்கத்தின் குளத்தில் நீந்தக்கூடாது! 1929இல் பேர்னார்டு கல்லூரியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆண்டுக்கு இரண்டு கறுப்பின மாணவியருக்கே அங்கு இடம் என்றும், அவ்விரண்டும் நிரம்பிவிட்டன என்றும் கூறிவிட்டனர். அவர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பட்டம் பெற்றார்.

அவமதித்த இயக்கத்தை அவர் வெறுத்து ஒதுக்கியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. 1937இல் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் அதே சங்கத்தின் ஊழியரானார். பின்னர்த் தேசியத் தலைமையகத்தில் பணியேற்றார். 1944இல் சங்கக் கிளைகளின் இன உறவுகளைப் பற்றிய ஆய்வறிக்கை வெளிவந்தது. 1946ஆம் ஆண்டு மாநாட்டில் இனங்களுக்கிடையிலான உறவு பற்றிய சாசனம் நிறைவேறியது. எல்லா இனப் பெண்களும் சங்க வாழ்வின் முழுமையிலும் இடம்பெற வேண்டும் என்பதே அதன் கருத்து. அதே ஆண்டில் மாணவியர் இயக்கமும் ‘ஒய்-டீன்ஸ்’ என்று புதுப்பெயர் பெற்றது. பெயர் ஒரே நாளில் மாறிவிடும்; பழக்கம் அவ்வளவு விரைவில் மாறுமா? சாசனத்தை ஊர்தோறும் நடைமுறைக்குக் கொண்டுவரும் கடும்பணியில் ஹைட் அம்மையார் ஈடுபட்டார். 1965 முதல் 1977 வரை அச்சங்கத்தின் இனநீதிப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். இனவெறியை ஒழிப்பதே தலையாய கடமை என்று 1970ஆம் ஆண்டு மாநாடு முடிவு செய்தது. அவர் 2010ஆம் ஆண்டில் தம் 98ஆம் வயதில் காலமானார்.

முள்வேலிக்குள் சங்கம்

நட்புக்கு வந்த மற்றொரு சோதனை போர்க்காலத்தது. 1942 பிப்ரவரி 19ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணையின் விளைவாக, மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய மரபினர் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வீடுவாசலை விட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்க மண்ணில் பிறந்த குடிமக்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற நகரங்களில் ஜப்பானிய மரபுப் பெண்கள் நெடுநாளாகவே இத்தகைய சங்கங்களை நடத்தி வந்தனர். முள்வேலிக்குள் சென்ற பின்னரும் அவர்கள் சங்கங்களை விடவில்லை. மணற்காற்று வீசும் தார்த்தாள் வேய்ந்த கொட்டகைகளில் மீண்டும் தலைவியைத் தேர்ந்தெடுத்தனர், கூட்டம் நடத்தினர். கொடுப்பதற்குக் கையில் பொருளில்லாதபோதும் ஒருவருக்கொருவர் துணையாயிருத்தல் என்னும் அறம் எஞ்சியிருந்தது. அவ்வடைப்பு அநீதியானது என்று 1988இல் அமெரிக்க அரசு சட்டத்தின் வாயிலாக மன்னிப்புக் கோரியது.

ஆசியாவோடு தொடர்பு

இவ்வியக்கத்தின் தாய்ச்சங்கம் மலாயா நாட்டுக்கும் சிங்கப்பூருக்கும் புதியதன்று. சிங்கப்பூரில் சீனப் பெண்கள் பள்ளியின் தலைவியாயிருந்த சோஃபியா குக் அம்மையார் 1875ஆம் ஆண்டிலேயே அதனைத் தொடங்கினார். கோலாலம்பூரில் அது 1913இல் தோன்றியது. சிங்கப்பூரில் அதன் வித்து ஒரு பெண்கள் பள்ளியில் ஊன்றப்பட்டது என்பது ஆசிரியர்களுக்கு மகிழ்வூட்டும் செய்தி.

இந்தியாவில் நிகழ்ந்தது இன்னும் ஆழமானது. இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் இளம் பெண்கள் கிறிஸ்துவ சங்கம் எடுத்த முயற்சியால் 1946இல் டில்லி சமூகப் பணிக் கல்லூரி உருவாயிற்று. 1952ஆம் ஆண்டில் அங்கு வருகைப் பேராசிரியராக வந்து கற்பித்தவர் டாரதி ஹைட் அம்மையாரே. நீச்சல் குளத்தில் இடமில்லை என்று திருப்பப்பட்ட சிறுமி, விடுதலை பெற்ற இந்தியாவின் தலைநகரில் சமூகப் பணியைப் பட்டப்படிப்பு மாணவருக்குக் கற்பிக்கும் ஆசிரியையாக அமர்ந்தார். கூடையில் தொடங்கிய தொண்டு, இங்கே முறையான கல்வியாக வளர்ந்துவிட்டதைக் காண்கிறோம்.

ஈகையும் ஒப்புரவும்

வள்ளுவர் ஈகைக்கு முன்னே ஒப்புரவை வைத்தார். ஈகையில் கொடுப்பவர் ஒருவர், கொள்பவர் ஒருவர். ஒப்புரவிலோ இருவரும் ஓர் ஊரார், ஒருவர்க்கொருவர் கடமைப்பட்டவர். அமெரிக்க மாணவியர் சங்கங்கள் ஈகையில் எளிதாக வெற்றி பெற்றன. ஒப்புரவை எட்டுவதற்குப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. ஏழைக்குக் கூடை கொடுத்த கை, கறுப்பினத் தோழியின் கையைப் பற்றத் தயங்கியது. அத்தயக்கத்தை நீக்கியவர்களுள், அதனால் வருந்திய மாணவியரே முன்னின்றனர். அவர்களுக்குப் பேசவும் கூட்டம் நடத்தவும் கற்றுக்கொடுத்தது அந்தக் குறையுள்ள சங்கமே என்பதையும் மறுத்தல் இயலாது.

பள்ளியில் மாணவியர் சங்கத்துக்கு ஆலோசகராக இருக்கும் தமிழாசிரியைக்கு இவ்வரலாறு தரும் பாடம் தெளிவானது. எத்தனை கூடைகள் கொடுத்தோம், எவ்வளவு நிதி திரட்டினோம் என்று ஆண்டறிக்கையில் எழுதுவது நல்லதே. அதனோடு, சங்கத்தில் இடம்பெறாமல் நிற்கும் மாணவி யார், அவள் ஏன் நிற்கிறாள் என்ற கேள்வியையும் மாணவியர் முன் வைக்க வேண்டும். விடையைத் தேடும் பொறுப்பை அவர்களிடமே விட்டுவிட்டால், ராங்கின் ஊர்ச் சிறுமியைப்போல் அவர்களும் வழி காண்பார்கள்.