யாருக்குக் கிடைத்தது கிறிஸ்மஸ் ஓய்வு?: இங்கிலாந்துச் சட்டங்களின் வழியே ஓர் ஆய்வு

கிறிஸ்தவ வாழ்வில் ஓய்வு என்பது தனிமனிதரின் மன அமைதியைக் குறிக்கும் சொல்லாக இன்று பெரிதும் ஆளப்பட்டாலும், அதன் வேர் வேலை வாங்குபவருக்கும் வேலை செய்பவருக்கும் இடையிலான உறவில் இருக்கிறது. உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தின் ஓய்வுநாள் கட்டளை, வீட்டுத் தலைவரைப் போலவே அவருடைய அடிமைகளும் ஓய வேண்டும் என்று கூறி, இஸ்ரவேலர் எகிப்தில் அடிமைகளாயிருந்ததை அதற்குக் காரணமாக நினைவூட்டுகிறது. கி.பி. 321இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றுக்கிழமையில் நீதிமன்றங்களும் நகரத் தொழில்களும் நின்றிருக்க ஆணையிட்டபோது, பருவம் தவறிவிடும் என்று உழவரை மட்டும் வயலில் வேலைசெய்ய அனுமதித்தார். யார் ஓயலாம், யாருடைய உழைப்பு நிற்கக் கூடாது என்ற கேள்வி அந்த ஆணையிலேயே நுழைந்துவிட்டது.

கிறிஸ்துபிறப்பு விழாவைப் பொறுத்தவரை, பழைய திருச்சபை வகுத்திருந்த கால ஒழுங்கு இன்றைய வழக்கத்துக்கு நேர்மாறானது. விழாவுக்கு முந்திய திருவருகைக்காலம், அதாவது பிறப்பை எதிர்நோக்கிக் காத்திருக்கும் வாரங்கள், நோன்புக்கும் அடக்கத்துக்கும் உரியனவாயிருந்தன. கொண்டாட்டமோ டிசம்பர் 25இல் தொடங்கி, ஞானியர் வருகையை நினைவுகூரும் ஜனவரி 6 வரை நீண்டது. 567இல் தூர் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் இவ்விடைப்பட்ட நாட்களை விழாநாட்களாகவே கருதியது. பரபரப்பெல்லாம் விழாவுக்கு முன்னால் குவிந்து, 25ஆம் நாள் மாலையோடு யாவும் முடிந்துபோவது அண்மைக்கால வணிகம் தந்த வழக்கமே.

பன்னிரு நாட்களின் இவ்வோய்வு சமுதாயத்தில் எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதற்கு, ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெஸ்ஸெக்ஸ் மன்னர் ஆல்ஃபிரட் தொகுத்த சட்டத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. கிறிஸ்மஸுக்குப் பன்னிரண்டு நாட்கள், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன் ஏழும் பின் ஏழும், ஆகஸ்டு மாத மரியன்னை விழாவுக்கு முந்திய ஒரு முழு வாரம் என விடுப்புகளை வரிசையிடும் அச்சட்டம், இவை சுதந்திர மனிதருக்கே உரியன, அடிமைகளுக்கும் கட்டுண்ட உழைப்பாளருக்கும் அல்ல என்று ஒளிக்காமல் சொல்கிறது. அடிமைகளுக்கு ஒதுக்கப்பட்டவை, ஆண்டில் நான்கு முறை வரும் நோன்பு வாரங்களின் நான்கு புதன்கிழமைகள். கடவுளின் பெயரால் பிறர் கொடுத்ததையும் ஓய்ந்த நேரத்தில் தாங்கள் ஈட்டியதையும் அன்று அவர்கள் விற்றுக்கொள்ளலாம். சுதந்திரருக்கு ஓய்வு விருந்தாக வந்தது. அடிமைக்கோ அது சந்தை நாளாகவே வந்தது. கொடுத்தவர் அதைத் தயவென்றே எண்ணியிருப்பார்.

திருநாட்கள் பெருகப் பெருக, அவை உழைப்பைக் கெடுக்கின்றன என்ற குறையும் வளர்ந்தது. 1536இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் அறுவடைக் காலத்து விழாக்களில் பெரும்பாலானவை நீக்கப்பட்டதற்குச் சோம்பலும் விளைச்சல் இழப்பும் காரணங்களாகக் காட்டப்பட்டன. 1647 ஜூனில் பியூரிட்டன்களின், அதாவது தீவிரச் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களின், ஆதிக்கத்திலிருந்த நாடாளுமன்றம், வேதத்தில் ஆதாரமில்லை என்று கிறிஸ்மஸையும் உயிர்ப்பு விழாவையும் பெந்தெகொஸ்தே விழாவையும் ஒருசேர ஒழித்தது. இவ்விடத்தில் பியூரிட்டன்களுக்கு நியாயம் செய்ய வேண்டும்: விழாக்களோடு வேலையாட்களின் விடுப்பும் போய்விட்டதை உணர்ந்து, அதே ஆணையில் மாணவருக்கும் தொழில் பயில்வோருக்கும் ஏவலருக்கும் ஒவ்வொரு மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையை விடுப்பாக அளித்தார்கள். எண்ணிக்கையில் அது குறைவன்று. ஆனால் அந்தச் செவ்வாய்க்குக் கதையும் இல்லை, பாட்டும் இல்லை, கூடி உண்ணும் காரணமும் இல்லை. 1660இல் முடியாட்சி மீண்டபோது மீண்டு வந்தது கிறிஸ்மஸ்தான், செவ்வாய்க்கிழமை அல்ல.

ஆனால் திருநாளுக்குள் தங்கியிருந்த விடுப்பைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கணக்குப் புத்தகம் அரித்தது. ஆண்டுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட திருநாட்களில் மூடப்பட்டுவந்த இங்கிலாந்து வங்கி, 1834இல் அவற்றை நான்காகச் சுருக்கியது. தப்பியவற்றுள் பெரிய வெள்ளியும் கிறிஸ்மஸும் அடங்கும். முந்திய ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நூற்பாலைகளில் உழைத்த சிறாருக்கு இவ்விரு நாட்களையும் விடுமுறையாக உறுதிசெய்திருந்தது. திருச்சபையின் கட்டளையாக இருந்த ஓய்வு தொழிலாளர் உரிமையாக உருமாறும் திருப்பம் இது. 1843இல் வெளிவந்த சார்லஸ் டிக்கன்ஸின் கிறிஸ்மஸ் கதையில் முதலாளி ஸ்குரூஜ் தன் எழுத்தருக்கு ஒரு நாள் விடுப்புத் தர முணுமுணுப்பதை, வெறும் கஞ்சத்தனமாகப் படிப்பதைவிட, அந்நாளில் நடந்துவந்த இழுபறியின் எதிரொலியாகப் படிப்பதே பொருந்தும்.

வசதிபடைத்த வீடுகளில் 25ஆம் நாள் விருந்தைச் சமைத்துப் பரிமாறிய ஏவலர்கள் மறுநாள்தான் பரிசுப் பெட்டியோடு தங்கள் குடும்பத்தைக் காணச் சென்றார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் லபக் முன்னின்று நிறைவேற்றிய 1871ஆம் ஆண்டு வங்கி விடுமுறைச் சட்டம் அந்த டிசம்பர் 26ஐயும் இங்கிலாந்தில் விடுமுறையாக்கியது. தானும் விழாக்களை ஒழித்து, அதன் தாக்கம் நெடுநாள் நீடித்த ஸ்காட்லாந்திலோ கிறிஸ்மஸ் பொது விடுமுறையானது 1958இல்தான்.

ஞாயிறு வணிகத்துக்கு 1994இல் வழிவிட்ட நாடாளுமன்றம், பத்தாண்டு கழித்து, 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் கிறிஸ்மஸ் அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் திறக்கக் கூடாதெனச் சட்டமியற்றியது. அந்த அளவுக்குக் குறைந்த கடைகளில் நிற்பவர்களையும், வீட்டு அடுப்படியில் நிற்பவர்களையும் அச்சட்டம் தொடுவதில்லை.