வெப்பம் வகுத்த எல்லை

சிறு பெட்டிக்குள் முழுக் கணினியை அடக்கும் ஆசைக்கு வெப்பமே என்றும் எல்லை வகுத்து வந்துள்ளது. 2001 இல் தாய்வானின் வியா நிறுவனம் 17 சென்ரிமீற்றர் சதுரமான ‘மினி-ஐடிஎக்ஸ்’ தாய்ப்பலகையை வடிவமைத்தது. அதற்குத் துணையாக்கியது, வேகமும் சூடும் குறைந்த தனது செயலியையே.

இன்டெல் நிறுவனமோ வேகத்தைத் துரத்தியது. 2004 இல் வெளிவந்த பென்டியம் 4 ‘பிரெஸ்கொட்’ செயலிகளிற் சில 100 வோட்டைத் தாண்டின. அதன் வாரிசாக வரவிருந்த ‘தேஜாஸ்’ அவ்வாண்டு மே மாதத்திலேயே கைவிடப்பட்டது.

செயலியின் இயக்க மின்நுகர்வு மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு வளர்வது. வேகத்தை மாற்றாமல் அழுத்தத்தைப் பத்து வீதம் குறைத்தால், அந்நுகர்வு ஏறத்தாழ ஐந்திலொன்று குறையும். சிறு பெட்டிகளிற் கணினி அமைப்போர் இன்று அழுத்தத்தைத் தணித்து மின்வரம்பு இடுவது இதனாலேதான். விசிறி அகற்றுவது பிறந்த வெப்பத்தை மட்டுமே. இடமில்லாத பெட்டியில் அது பிறவாதிருப்பதே நன்று.