பாடும் எஃகும் பழைய ஏடும்

விலைப்பட்டியல் ஏட்டுக்கு ஆயுள் ஓராண்டு. புதிய ஏடு வந்து சேர்ந்த அன்றே பழையது மதிப்பிழந்து, பழைய தாள் வாங்குவோரின் தராசைத் தேடிப் போய்விடுகிறது. காவியங்களைக் காத்து வைப்போர் உண்டு. கடிதங்களைக் கட்டி வைப்போரும் உண்டு. கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த விலைப்பட்டியலைப் பேழையில் வைத்துப் போற்றுவோர் உண்டோ எனின், உண்டு. அமெரிக்க நாட்டில் 'பெடல் ஸ்டீல் கிதார்' என்னும் இசைக்கருவியின்பால் காதல் கொண்டோர், அரை நூற்றாண்டுக்கு முற்பட்ட அதன் பட்டியல் ஏடுகளை உறையிட்டுக் காத்து வருகின்றனர். அவற்றின் விலைகள் இன்று செல்லா; குறித்துள்ள கருவிகளுள் பல இன்று செய்யப்படுவதும் இல்லை. ஆயினும் அவ்வேடுகளைப் புரட்டும்போது அவர்களுக்குக் கண் பனிக்கிறது.

இது வெறும் பித்து என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. பிறந்த மண்ணை விட்டு வந்து, டிரங்குப் பெட்டியின் அடியில் பழைய இரயில் சீட்டையும் ஊர்க்கோயில் அழைப்பிதழையும் வைத்திருக்கும் நாம் அல்லவா இந்த உணர்வை அறிவோம்? ஆதலின் அக்கருவி வந்த வழியையும், அதன் ஏடுகள் சொல்வதையும் சொல்லாமல் விடுவதையும் இங்கே சிறிது காண்போம்.

தீவில் பிறந்த ஓசை

ஸ்டீல் கிதாரின் தாயகம் பசிபிக் பெருங்கடலிலுள்ள ஹவாய்த் தீவுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஓவாஹு தீவைச் சேர்ந்த ஜோசப் கெக்குக்கு என்னும் இளைஞர், கிதாரை மடியில் கிடத்தி, இடக்கை விரல்களால் கம்பியை அழுத்துவதற்கு மாற்றாக, எஃகுத் துண்டொன்றைக் கம்பிகளின்மேல் வழுக்கி வாசிக்கும் முறையை உருவாக்கினார் என்பர். இருப்புப்பாதை ஓரம் கிடந்த ஓர் இரும்புத் துண்டே அவருக்கு வழிகாட்டிற்று என்று ஒரு கதையும் வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், விளைந்த ஓசை புதிது. சுரத்துக்குச் சுரம் தாவாமல், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் அந்த நாதம் மனிதக் குரலை ஒத்திருந்தது. நம் கோட்டுவாத்தியத்தைக் கேட்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மெட்டுகளற்ற தண்டியின்மேல் கட்டையை நகர்த்திக் கமகத்தைக் குழைத்தெடுக்கும் அக்கருவியும் இதுவும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே நெறியில் நின்றவை.

ஹவாயின் முடியாட்சி 1893-இல் கவிழ்க்கப்பட்டது. அரியணை இழந்த லில்லியுவோகலானி அரசியார் தாமே பாடல்கள் இயற்றிய இசைப்புலவர். 1898-இல் தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன. 1904-இல் கெக்குக்கு பெருநிலப் பகுதிக்குப் புறப்பட்டார். ஊர் ஊராக வாசித்தும் கற்பித்தும் வாழ்ந்த அவர் 1932-இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் மறைந்தார். 1915-இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த பெரும் கண்காட்சியில் ஹவாய் இசைக்குழுவினர் வாசித்ததைக் கேட்டு மக்கள் மயங்கினர். அதன்பின் ஹவாய் இசை நாடெங்கும் பரவியது. நாடு இழந்தவர்களின் இசை, நாட்டை எடுத்துக் கொண்டவர்களின் கூடங்களில் ஒலித்தது. இக்கருவி தொடக்கத்திலேயே ஒரு குடிபெயர்ந்த கருவி என்பதை நாம் மறத்தலாகாது.

மின்சாரமும் மிதிகட்டையும்

பெரிய அரங்குகளில் கிதாரின் மெல்லோசை எடுபடவில்லை. அக்குறையைப் போக்க ஜார்ஜ் பீச்சம் என்பார் காந்தத்தின் துணையால் கம்பியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் முறையைக் கண்டார். 1932-இல் விற்பனைக்கு வந்த அக்கருவி, வட்டமான உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் 'வாணலி' என்றே பெயர் பெற்றது. வணிக முறையில் வெற்றி கண்ட முதல் மின்கிதார், நின்று வாசிக்கும் கிதார் அன்று. மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய்க் கிதாரே. இன்றைய மின்கிதார் இளைஞருள் எத்துணைப் பேர் இதனை அறிவர்?

ஓசை பெருகிற்று, ஆனால் வேறொரு தடை இருந்தது. எஃகுத் துண்டு நேரானது; எல்லாக் கம்பிகளையும் ஒரே கோட்டில்தான் தொடும். மேனாட்டு இசையோ பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் இசைவை உயிராகக் கொண்டது. கம்பிகளைக் கூட்டிய சுருதிக்கு அடங்கிய இசைவுகளே கிட்டும்; மற்றவை வேண்டின் வேறு சுருதி கூட்ட வேண்டும். ஆகவே இரண்டு, மூன்று, நான்கு கழுத்துகள் உடைய கிதார்களைச் செய்து, கழுத்துக்கு ஒரு சுருதியாகக் கூட்டினர். அப்பொழுதும் பாட்டின் நடுவே ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் தாவ வேண்டியிருந்தது.

இத்தடையை நீக்கியது கால். மிதிகட்டையை அழுத்தினால் குறித்த கம்பி மட்டும் இறுகி, ஒரு சுரமோ அரைச் சுரமோ உயரும். காலை எடுத்தால் பழைய நிலைக்கு மீளும். கிப்சன் நிறுவனத்தின் 'எலக்ட்ராஹார்ப்' 1940-ஐ ஒட்டி இம்முறையோடு வந்தது. கலிபோர்னியாவில் பால் பிக்ஸ்பி என்னும் கைவினைஞர் தம் பட்டறையில் தனித்தனியே கருவிகள் செய்து கொடுத்தார். 1948-இல் ஸ்பீடி வெஸ்ட் என்னும் கலைஞருக்கு அவர் செய்தளித்த மிதிகட்டைக் கிதார் பேர்பெற்றது.

எனினும் மிதிகட்டை, சுருதி மாற்றும் வசதியாகவே கருதப்பட்டு வந்தது. 1954-இல் வெப் பியர்ஸ் என்னும் நாட்டுப்புறப் பாடகரின் 'ஸ்லோலி' என்ற இசைத்தட்டு புகழ் பெற்றபோதுதான் அதன் உண்மையான ஆற்றல் வெளிப்பட்டது. அதில் வாசித்த பட் ஐசக்ஸ், கம்பி ஒலித்துக் கொண்டிருக்கையிலேயே மிதிகட்டையை அழுத்தினார். இசைவின் ஒரு சுரம் அசையாது நிற்க, மற்றவை அதன் அருகே வழுக்கி ஏறின. கேட்டவர் வியந்தனர், வாசிப்போர் தத்தம் கிதார்களுக்கு மிதிகட்டை பொருத்த முற்பட்டனர்.

இந்தியானா மாநிலத்தில் 1937-இல் பிறந்த பட்டி எம்மன்ஸ் அதற்கும் ஒருபடி மேலே சென்றார். ஐசக்ஸின் ஒரே மிதிகட்டை செய்த வேலையை அவர் இரண்டு மிதிகட்டைகளுக்குப் பகிர்ந்து கொடுத்தார். ஜிம்மி டே என்பாரும் அவ்வாறே செய்தார். ஆனால் வரிசையை மாற்றி வைத்தார். இன்றளவும் கருவி வாங்குவோர் 'எம்மன்ஸ் முறையா, டே முறையா' என்று கூற வேண்டியிருக்கிறது. இரு கலைஞர்களின் கால்பழக்கம் ஒரு கருவியின் இலக்கணமாகி நின்றது!

1957-இல் ஷாட் ஜாக்சன் என்பாரும் எம்மன்ஸும் சேர்ந்து, இருவர் பெயரையும் இணைத்து 'ஷோ-பட்' என்னும் நிறுவனத்தை நாஷ்வில் நகரில் தொடங்கினர். 1963-இல் எம்மன்ஸ் பிரிந்து சென்றார். வட கரோலினாவில் அவர் பெயரால் வேறொரு நிறுவனம் எழுந்தது. காலால் மிதிப்பதோடு முழங்காலால் தள்ளும் நெம்புகோல்களும் சேர்ந்தன. இரு கைகள், இரு பாதங்கள், இரு முழங்கால்கள் என உடல் முழுவதையும் வேலை வாங்கும் கருவியாக அது வளர்ந்தது.

ஏடு சொல்வதும் சொல்லாததும்

இனிப் பட்டியல் ஏடுகளுக்கு வருவோம். இசைக்கருவிக் கடையே இல்லாத சிற்றூரில் பண்ணைத் தொழில் செய்த குடும்பத்துக்கு, அஞ்சலில் வந்த ஏடே கடைவீதி. சியர்ஸ் ரோபக் போன்ற அஞ்சல்வழி வணிகர்கள் கலப்பை, காலணி, தையற்பொறி ஆகியவற்றோடு கிதார்களையும் தம் ஏடுகளில் காட்டினர். விலையைக் கண்டு பெருமூச்சு விட்டு ஏட்டை மூடி, மறுநாள் மீண்டும் அதே பக்கத்தைத் திறந்த சிறுவர் பலர். கருவி கைக்கு எட்டுமுன் கண்ணுக்கு எட்டியது ஏட்டில்தான். அன்று வாங்க இயலாத கருவியை முதுமையில் வாங்கியோரும் அந்தப் பழைய ஏட்டைத் தேடுவதன் பொருள் இதுவே. அவர்கள் தேடுவது கருவியை அன்று. அதனை விரும்பி நின்ற தம் பத்து வயதை.

ஏடு வரலாற்று ஆசிரியனுக்கும் துணை. தண்டியில் சீட்டுக்கட்டின் சின்னங்கள் பதித்த ஷோ-பட் கருவியும், கரிய மைக்கா போர்த்திய எம்மன்ஸ் கருவியும் எக்காலத்தவை என்று தெளிய அவ்வேடுகளின் படங்கள் உதவுகின்றன. ஃபெண்டர் நிறுவனத்தின் வரலாறு மற்றொரு சான்று. 1940-களின் இடையில் அது ஸ்டீல் கிதார்களையும் ஒலிபெருக்கிகளையும் கொண்டே வாழ்வைத் தொடங்கியது. நின்று வாசிக்கும் மின்கிதார் 1950-இல் வந்தது; நாளடைவில் அதுவே நிறுவனத்தின் முகமாயிற்று. முதல் மைந்தன் மெல்லப் பின்வரிசைக்குப் போனான். ஒரு காலம் எதனை விரும்பியது, எப்பொழுது அதனை மறந்தது என்பதை அரசாணையைக் காட்டிலும் விலைப்பட்டியல் நேர்மையாகக் காட்டும்.

ஆனால் ஏடு முழு உண்மை பேசும் என்று நம்புவதும் பிழை. விற்பனை அதன் தொழில். புகழ்ச்சி அதன் மொழி. ஹவாய்க் கிதாரையும் அதன் பாடநூல்களையும் விற்றோர் தென்னையும் நிலவும் நடனமாதரும் நிறைந்த சொர்க்கத்தைப் படமாக வரைந்தனர். ஹவாய்த் தீவொன்றின் பெயரைச் சூட்டிக்கொண்ட ஓவாஹு பதிப்பகம் இருந்ததோ, குளிர்காலத்தில் பனி கொட்டும் கிளீவ்லாந்து நகரில். முடி இழந்த அரசியின் துயருக்கு அந்தப் படங்களில் இடமில்லை. பட்டறையில் எஃகைக் கடைந்தவர்களின் முகங்களும் விலைப்பட்டியலில் இடம்பெறும் பொருள்கள் அல்ல. ஏக்கம் இனியது, ஆனால் ஏக்கத்தோடு படிப்பவன் ஏடு விட்டுச் சென்ற இடங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கல்கத்தாவில் ஹவாய்

இக்கருவியின் ஒரு கிளை நம் நாட்டிலும் வேரூன்றியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டவ் மோ என்னும் ஹவாய் இசைக்கலைஞர் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி வாசித்தார். கார்னி நிஸ் போன்ற கல்கத்தாக் கலைஞர்களும் அவ்விசையைப் பரப்பினர். வங்காள நடுத்தரக் குடும்பங்களில் ஆர்மோனியத்துக்கு நிகராக ஹவாயன் கிதார் இடம் பெற்றது. கவிஞர் நஜ்ருல் இஸ்லாமின் மைந்தர் காஜி அனிருத்தரும் சுனில் கங்குலியும் அதில் புகழ் எய்தினர். அந்நகரின் லேக் மார்க்கெட் பகுதியில் குடியேறிய நம்மவரின் வீடுகளுக்கும் அடுத்த வீட்டுச் சன்னல் வழியே மாலைதோறும் அந்நாதம் வந்தது.

இங்கே ஓர் உண்மை கருதத்தக்கது. அமெரிக்கருக்குப் பல சுர இசைவு வேண்டியிருந்தது; எனவே மிதிகட்டையைச் சேர்த்தனர். நம் இசைக்கு இராகமே உயிர். ஒரு சுரத்தின் நெளிவுக்குள் உலகமே அடங்கும். ஆதலின் நம்மவர் மிதிகட்டையை நாடாமல், சுருதிக் கம்பிகளையும் உடனதிரும் கம்பிகளையும் சேர்த்தனர். பிரிஜ் பூஷண் காப்ரா 1967-இல் சந்தூர், புல்லாங்குழற் கலைஞரோடு சேர்ந்து வாசித்த இசைத்தட்டு நாடெங்கும் ஒலித்தது. விசுவமோகன் பட் தாம் மாற்றியமைத்த கருவிக்கு மோகன வீணை எனப் பெயரிட்டு, 1994-இல் கிராமி விருதும் பெற்றார். ஒரே தீவிலிருந்து புறப்பட்ட கருவி, போன இடத்தின் தேவையை அறிந்து வெவ்வேறு உருவம் கொண்டது. வழுக்கிப் பாடும் தன் இயல்பை மட்டும் எங்கும் விடவில்லை. குடிபெயர்ந்தோர்க்கு இதனினும் சிறந்த பாடம் வேறு எது?

நம் கையிலுள்ள ஏடு

ஷோ-பட் நிறுவனம் 1980-களில் மறைந்தது. பட்டி எம்மன்ஸ் 2015-இல் காலமானார். கருவிகள் எஞ்சியுள்ளன, அவற்றோடு எவரும் காக்க வேண்டும் என்று எண்ணி அச்சிடாத அந்த மெல்லிய ஏடுகளும் எஞ்சியுள்ளன.

நம் சங்கங்களின் ஆண்டு மலர்களை எண்ணிப் பார்க்கிறோம். கட்டுரைகளையும் கவிதைகளையும் படிக்கிறோம். கடைசிப் பக்கங்களிலுள்ள விளம்பரங்களை விரைந்து புரட்டி விடுகிறோம். அப்பளமும் காப்பித்தூளும் விற்ற கடை, வெற்றிலையும் வாழையிலையும் வரவழைத்துத் தந்த வணிகர், நாட்காட்டி அச்சிட்ட அச்சகம், இட்டிலிக்குப் பேர்போன உணவகம் ஆகிய இவையெல்லாம் 'நல்வாழ்த்துகளுடன்' என்ற ஒரு வரியோடு அங்கே நிற்கின்றன. அயலூரில் ஒரு தமிழ்க்குடி எதனை உண்டது, எதற்கு ஏங்கியது, எந்தத் தெருவில் கூடியது என்பதைச் சொல்ல நாளை வேறு சான்று இராது. கட்டுரை எழுதிய நாம் கூடச் சற்று மிகைப்படுத்தி இருப்போம். 'காப்பிக்கொட்டை அன்றன்று வறுத்து அரைத்துத் தரப்படும்' என்ற விளம்பரம் தன் காலத்தை உள்ளபடியே காட்டி நிற்கும்.

ஆதலின் இம்மலரைப் படித்து முடித்தபின் பழைய தாளோடு போடாதீர்கள். விளம்பரப் பக்கங்களைக் கிழிக்காமல், பெட்டியின் அடியில் அந்த இரயில் சீட்டின் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். பேரப்பிள்ளை ஒருநாள் எடுத்துப் படிக்கட்டும்.